கையும் கண்ணும் அமானிதம்

(நமது அறக்கட்டளையின் தொழிற்கருவிகள் வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வாழ்த்துச் சொல்வதற்கு முன் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு இதே இடத்தில், வெல்டிங் வேலையும் டைல்ஸ் வேலையும் செய்கிற இளைஞர்களுக்குக் கிரைண்டிங் மிஷின் கொடுத்தோம். வாங்க வேண்டிய பட்டியலில் பாதுகாப்புக் கண்ணாடியும் இருந்தது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் இன்னும் ஒருவருக்கு மிஷின் கொடுக்கலாமே என்று அந்த வரியை அடித்தவன் நான்தான். மூன்று மாதம் கழித்து, மிஷின் வாங்கிச் சென்ற ஒரு தம்பி கேட் வேலை செய்துகொண்டிருந்தபோது வீல் உடைந்து, துண்டு அவர் வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றியது அவர். கண்ணாடி கொடுக்காதது நாங்கள். மருத்துவமனையில் அவருடைய வாப்பா எங்களை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டு ஒவ்வொரு மிஷினோடும் கண்ணாடியும் முகக்கவசமும் சேர்த்தே தருகிறோம். அதனால் மிஷின்கள் இரண்டு குறைந்திருக்கின்றன. அதற்கான பொறுப்பும் என்னுடையதே.

தம்பிமார்களே, உங்கள் கைக்கு வரும் 4 அங்குல மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். நாம் விலகிக்கொள்ள நேரம் இருக்காது. கார்டு இருப்பது அதற்காகத்தான்.

அதை ஏன் கழற்றுகிறோம்? பெரும்பாலும் பெரிய வீல் மாட்டுவதற்காக. வீலின் மேல் அது தாங்கும் வேகம் அச்சிடப்பட்டிருக்கும். 7 அங்குல வீலில் சுமார் 8,500 என்று இருக்கும். அதை 11,000 சுற்றும் மிஷினில் மாட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மரம் அறுக்கும் பல் பிளேடையும் இதில் மாட்டாதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் கையை மீறித் திரும்பிவிடும்.

வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும். மருந்துக்குப் பார்ப்பது போல இதற்கும் பாருங்கள். ஈரம் பட்ட வீல், கீழே விழுந்த வீல் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். புது வீல் மாட்டினால், கார்டோடு, யாரும் நேரே நிற்காத பக்கமாகத் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். சைடு ஹேண்டிலைக் கழற்றாமல் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

அடுத்தது மின்சாரம். பிளக்கை வெட்டிவிட்டு வயரை உரித்து, தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இன்றோடு அதை விடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலேயே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும்; முழுவதும் பிரித்துப் போடுங்கள். ஈரத் தரையில் டேப் சுற்றிய இணைப்பு கிடக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேலை நடுவில் கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். பூட்டிய சுவிட்சோடு கீழே வைத்த மிஷின், கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். வீல் மாற்றும்போதும் டிரில்லில் பிட் மாற்றும்போதும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

டைல்ஸ், கிரானைட் வெட்டும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. அந்த மாவு போன்ற தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்னும் நோயைத் தரும். அதைக் குணமாக்க மருந்தில்லை. கைக்குட்டை கட்டினால் போதாது. நாங்கள் தரும் முகக்கவசத்தைப் போடுங்கள். தண்ணீர் விட்டு வெட்டுவது நல்லது. ஆனால் அதற்கென்று செய்த மிஷினில் மட்டும்தான். சாதாரண மிஷினில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும்.

பராமரிப்பு கடினமான காரியமல்ல. வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ மிஷின் விட்டு விட்டு ஓடினாலோ கார்பன் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வயர் உரிந்திருந்தால் டேப் சுற்றாமல் வயரையே மாற்றுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டைக் கேட்பது போல, "கண்ணாடி எடுத்தியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியும் கண்ணில் ஏதாவது பாய்ந்துவிட்டால் கசக்கவோ பிடுங்கவோ கூடாது. அழுத்தாமல் மூடி, உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த மிஷின் ஜமாஅத்தார் கொடுத்த பணத்தில் வந்தது. அது உங்களிடம் ஓர் அமானிதம். அதைப் பிடிக்கும் கையும் பார்க்கும் கண்ணும் அதைவிடப் பெரிய அமானிதம். மிஷின் கெட்டால் வேறு வாங்கித் தர எங்களால் முடியும்.

நான் சொன்ன அந்தத் தம்பி இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று நான் பேசியதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் அலுவலகத்தில் அவர் இருப்பார். உங்கள் மிஷின்களைக் கொண்டு வாருங்கள். பார்த்துச் சரிசெய்து தருவார். அதற்கான கூலியை அறக்கட்டளை கொடுக்கும். கார்டு இல்லாமல் வருகிற மிஷினுக்கு மட்டும், கார்டு மாட்டிய பிறகுதான் மற்ற வேலையைத் தொடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.