படம் எடுத்தவன் பேரு எங்க?

(மல்லாங்கிணறில் புகைப்படத் தொழிலாளர்கள் மத்தியில் பேசியதன் சுருக்கம்)



நான் பதினோரு வருசம் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்குப் படம் எடுத்தவன். முதல் நாலு வருசம் கேமராவைத் தொட விடவில்லை. லைட்டுதான் பிடிச்சேன். கேமரா கைக்கு வந்த பிறகும், கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குக் கடைசி இலைதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, வேலை இல்லாத நாள். கரிசக்காட்டில் களையெடுத்துக்கிட்டிருந்த எங்க ஆத்தாவை ஸ்டுடியோ கேமராவில் எடுத்தேன். அந்தப் படம் காலண்டரில் வந்தது. கீழே ஸ்டுடியோ பேரு. ஆத்தா கேட்டுச்சு: "ஏய்யா, நீ எடுத்த படந்தான இது? ஒம் பேரக் காணோமே?" எனக்குப் பதில் தெரியல.

பதிலைப் பிறகுதான் படித்துத் தெரிஞ்சுக்கிட்டேன். 1957ன்னா நம்ம சனத்துக்கு இமானுவேல் சேகரனை வெட்டிக் கொன்ற வருசம். அதே வருசம்தான் பதிப்புரிமைச் சட்டமும் வந்தது. படம் எடுத்தவரே அதன் படைப்பாளி என்கிறது அந்தச் சட்டம். கேமரா யாருடையது என்று கேட்கவில்லை. ஆனால் 17ஆம் பிரிவு உரிமையை வேறு கைக்கு மாற்றுகிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் உரிமை காசு கொடுத்தவருக்கு. சம்பள வேலையில் எடுத்தால் முதலாளிக்கு. பத்திரிகையில் வேலை பார்க்கிறவர் எடுத்த படத்துக்கு மட்டும், பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு, மற்றது எடுத்தவருக்கு. இதெல்லாம் வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான். உரிமை கைமாறின பிறகும், 'இது நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமை போகாது என்கிறது 57ஆம் பிரிவு.

ஆத்தா படம் வேலையில் எடுத்தது இல்ல. சட்டப்படி அது என் சொத்து. தெரியாம விட்டேன்.

ஒப்பந்தம் எழுதுங்கன்னு தனி ஆளாக் கேட்டா, "நாளைக்கு வராதே" என்பார்கள். அதுக்குத்தான் சங்கம். படத்துக்குக் கீழே பேரு, எழுத்தில் ஒப்பந்தம், எடுத்த படங்களில் நமக்கொரு பிரதி. இதைச் சங்கம்தான் கேட்க முடியும்.

ஆனா எந்தச் சங்கம்? பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயில் வைக்கணும், தீட்டாம். சங்கங்கள் அதைக் கண்டுக்கவில்லை, அம்பேத்கர் கேட்டார். 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம், பார்ப்பனியம், முதலாளித்துவம் ரெண்டுமே நமக்கு எதிரி என்றார். நம்ம தொழிலுக்கும் ஒரு நெசவுப் பிரிவு இருக்கு, அதுதான் கேமரா. யாரு லைட் பிடிக்கிறா, யாரு கேமரா பிடிக்கிறா என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாப் போய்ப் பாருங்க. அதைக் கேட்காத சங்கம், கேமரா வச்சிருக்கிறவனுக்கு மட்டும் உரிமை வாங்கித் தரும்.

அதனால் இன்னைக்கு உறுப்பினர் படிவத்தில், லைட் பிடிக்கிற தம்பிகள் முதல்ல கையெழுத்துப் போடட்டும். அதுக்குக் கீழே நான் போடுறேன்.

ஜெய்பீம்.