அடைப்பானும் ஆகாயப் பறவைகளும்



நேற்று மேய்ந்த மாடு இன்று கொட்டிலில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, மூக்கிலும் மலத்துவாரத்திலும் உறையாத கரிய இரத்தம் வடிகிறது. அடைப்பான் என்று ஐயுறவேண்டும். உடையவரோ, "தோலையாவது உரித்து விற்றால் சங்கத்துத் தவணைக்கு ஆகுமே" என்றெண்ணுகிறார்.

கேடு அங்கேதான் தொடங்குகிறது. அறுக்காத உடலினுள் அக்கிருமி அழுகலிலேயே மடிந்துபோகும். அறுத்தால் காற்றுப்பட்டுக் கடினமான வித்தாக மாறிவிடும். இவ்வித்தின் வரலாற்றை ஜெர்மானியராகிய ராபர்ட் கோக் என்பார் 1876-ல் விளக்கிக் காட்டினார். அது மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். உரித்தவர் கையில் வலியில்லாத கரும்புண் எழும்பும். வைத்தியம் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

உரித்துப் போட்டதைக் கொத்த வருவன கழுகும் காக்கையும். கழுகின் இரைப்பை அமிலம் கிருமியில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். அலகிலும் காலிலும் ஒட்டியதை எது கொல்லும்? தின்றபின் அவை குளத்தில் இறங்குகின்றன. நம் கன்றுகாலிகள் நீர் அருந்துவதும் அக்குளத்திலேயே. பறவையை நோவானேன்? விருந்து வைத்தவர் நாமன்றோ! கழுகினமும், மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்தினால் 1990-க்குப் பின் பெரும்பாலும் அழிந்துவிட்டது. 2006-ல் கால்நடைக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. இப்பொழுது பிணத்தை இழுப்பவை நாய்களும் காக்கைகளுமே.

ஆகையால் உரிக்காதீர்கள், கீறவும் வேண்டா. கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பறவையும் நாயும் அண்டாமல் காவலிருங்கள். அவர் சொற்படி எரியுங்கள், அன்றேல் ஆறடி ஆழத்தில் புதையுங்கள். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவியுங்கள்.

தவணைக்கு அவகாசம் கோரி மனுச் செய்யலாம். எழுத நானே துணைபுரிவேன். வைத்தியரின் சான்றிதழையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.