கருவி வந்தது, பயிற்சி வந்ததா?

லோஹேகாவ் 2017இல் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஒன்றிய அரசின் தீக்ஷா தளமும் அவ்வாண்டில்தான் தொடங்கியது. பாடநூலில் கியூஆர் குறியீடு அச்சாகிவிட்டது. அதைத் திறக்கும் கைபேசியோ பல வகுப்பறைகளில் ஆசிரியரின் சொந்தச் செலவு. சோலாப்பூர் மாவட்டப் பரிதேவாடியில் இக்குறியீட்டைப் புகுத்திய ரஞ்சித்சிங் டிஸலே 2020இல் உலக ஆசிரியர் விருது பெற்றார். தனியொருவரின் முனைப்பு போற்றத்தக்கதே. அரசின் கடமையை அது ஈடுசெய்யாது.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் மைக்ரோசாஃப்டையே சார்ந்திருந்தது. ஆசிரியர் சங்கமான கேஎஸ்டிஏ அதை எதிர்த்தது. கட்டற்ற மென்பொருள் வந்தது. ஆசிரியர்களே பயிற்சியாளர்களாகிச் சக ஆசிரியர்களுக்குக் கற்பித்தனர். 45,000 வகுப்பறைகள் நவீனமானது அதன் பிறகே. லோஹேகாவ் பள்ளிகளுக்கான கோரிக்கையிலும் கருவிக்கு முன்பாகப் பயிற்சி நாட்களும், அந்நாட்களுக்கு மாற்று ஆசிரியரும் இடம்பெற வேண்டும்.