பேசின் பாலத்துக்கு அந்தப் பக்கம்



நான் வடசென்னையில் உணவு நடை அழைத்துப் போகிறவள். ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேரோடு சௌகார்பேட்டை மின்ட் தெருவில் தொடங்குவேன். ஜிலேபி, பாதாம் பால். பிறகு அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியக்காரன்தான் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். 1772இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. மண்ணடி வழியாகப் போய், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ கடையில் முடிப்பேன். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளை நாட்டுடைமையாக்கியது. பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. கூடவே வாழைத்தண்டு சூப்.

எல்லோரும் கலந்து வாழ்ந்த ஊர் என்று சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். 1707இல் இதே தெருக்களில் யார் ஊர்வலம் போகலாம் என்று வலங்கையும் இடங்கையும் மோதிக்கொண்டதையும், பெத்தநாயக்கன்பேட்டை ஒருவருக்கு, முத்தியால்பேட்டை மற்றவருக்கு என்று கம்பெனி பிரித்துக் கொடுத்ததையும் சொன்னதில்லை. பழைய வரைபடங்களில் பறைச்சேரி தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதையும் சொன்னதில்லை. சாப்பிட வந்தவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். பொய், எனக்குப் பயம்.

ஒருநாள் அத்தோ தட்டோடு ஓர் அம்மா கேட்டார்: "நீ எந்த ஏரியாம்மா? வீட்ல என்ன சமைப்பீங்க?" புளியந்தோப்பு என்றேன். சாம்பார், ரசம்தான் என்றேன்.

அன்று காலைதான் எங்கள் ஆயா மாட்டுக்குடலைச் சுண்ணாம்பு போட்டு, வெந்நீரில் நாலு முறை அலசி, மிளகு தூக்கலாகப் போட்டி வறுத்திருந்தார். மொட்டை மாடியில் மஞ்சளும் உப்பும் தடவிய கறித்துண்டுகள் கயிற்றில் காய்ந்தன. உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். அதைத்தான் மறைத்தேன்.

மறைக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு வந்ததும் மழையைச் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஆம்பூரிலேயே இப்படி! இதில் மின்ட் தெரு நடையை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன மாதம் வழியை நீட்டினேன். அத்தோவுக்குப் பிறகு ஆட்டோ பிடித்து, பேசின் பாலம் தாண்டி, புளியந்தோப்பு. விஷயத்தைச் சொன்னதும் பன்னிரண்டு பேரில் நாலு பேர் கடற்கரை நிலையத்திலேயே விடைபெற்றார்கள். எட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள்.

ஆயாவுக்குக் கோபம். "கண்டதையும் துன்ன வெச்சுட்டு கடைசில இட்டாந்தா எப்பிடி துன்னுவாங்க? மொதல்ல இங்க இட்டா."

அதனால் அடுத்த நடை புளியந்தோப்பில் தொடங்குகிறது. காலை பத்து மணி. வெறும் வயிற்றோடு வாருங்கள்.