சிவப்பு உடம்பா, கறுப்பு உடம்பா?



இன்றைக்கு வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். 'உரம், விதை என்று பேச ஆயிரம் இருக்க, இவர் பட்டாம்பூச்சி பிடிக்கக் கிளம்பிவிட்டாரே' என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சை நாற்று விடுகிறவர்களும் கறிவேப்பிலை போட்டிருப்பவர்களும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்து, ஒரு விவசாயிக்கு வீண் செலவு வைத்தேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை நாற்றங்கால் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். "சார், கன்னுல கொழுந்து ஒண்ணு விடாம புழு தின்னுட்டு. இந்தப் பூச்சிதான் வேலியில சுத்திக்கிட்டே கெடக்கு. என்ன செய்யட்டும்?" என்றார்.

படத்தைப் பார்த்தேன். கறுப்பு இறக்கை. பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள், கீழே வால். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டை வைக்கிற 'கறிவேப்பிலை அழகி' என்ற பூச்சியின் பெண்தான் இது என்று அவசரத்தில் முடிவு கட்டினேன். "அது அடைகிற செடியைப் பிடுங்கிப் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவரும் ஆள் விட்டு, வேலியோரத்து ஆடுதின்னாப் பாளையை எல்லாம் பிடுங்கி எறிந்தார். இரண்டு நாள் கூலி.

பத்து நாள் கழித்துப் பேசினார். "எல்லாம் பிடுங்கியாச்சு சார். புழு மட்டும் கொறையலயே!"

பழைய படத்தை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தேன். தலையும் வயிறும் நல்ல சிவப்பு! அது 'ரோஜா அழகி' என்கிற வேறு பூச்சி. எலுமிச்சை இலையை அது ஏறிட்டும் பார்க்காது. அதன் புழுவுக்கு ஆடுதின்னாப் பாளையும் அந்த இனத்துக் கொடிகளும்தான் தீனி.

ஆடு ஏன் அந்தச் செடியில் வாய் வைப்பதில்லை? இலையில் நஞ்சு இருக்கிறது. அதைத் தின்று வளரும் புழுவின் உடம்பிலும் அந்த நஞ்சு தங்கி, பூச்சியான பிறகும் இருக்கிறது. ஒருதரம் கொத்திப் பார்த்த பறவை அடுத்த தரம் அந்தச் சிவப்பைக் கண்டாலே ஒதுங்கிவிடும். கறிவேப்பிலை அழகிக்கோ உடம்பில் நஞ்சு கிடையாது. ஆகவே அதன் பெண்களில் பல, ரோஜா அழகியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றிப் பிழைக்கின்றன. இப்படிப்பட்ட வேஷத்தை 1862-ல் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், அமேசான் காட்டுப் பூச்சிகளைப் பார்த்து விளக்கி எழுதினார். பறவையை ஏமாற்ற வந்த வேஷத்தில் நானும் ஏமாந்து போனேன்!

சரி, படத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உடம்பைப் பாருங்கள். இறக்கையில் எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும், வேஷக்காரியின் உடம்பு கறுப்புத்தான். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி. முன் இறக்கையில் வெள்ளைப் பட்டையும், பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லாமல் செம்புள்ளிகளும் இருந்தால் அது 'சிவப்புடல் அழகி'. அதற்கும் பாளைதான் தீனி. அதைப் போல வேஷம் போடுகிற கறிவேப்பிலை அழகியும் உண்டு. அங்கேயும் உடம்பு கறுப்பு. கறிவேப்பிலை அழகியின் ஆணுக்கு இந்த வேஷமே கிடையாது. கறுப்புப் பின் இறக்கையில் குறுக்கே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்.

இரண்டாவது, புழுவைப் பாருங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலைப் புழு சின்னதில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். ரோஜா அழகியின் புழு, சதைமுட்கள் நிறைந்த கருஞ்சிவப்புப் புழு. நடுவில் வெள்ளைப் பட்டை. அது பாளையில்தான் இருக்கும்.

எனவே படம் எடுக்கும்போது, விரித்த இறக்கையை மட்டும் மேலிருந்து எடுத்தால் போதாது. பூவில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் உடம்பு தெரிய ஒன்று, இலையில் இருக்கிற புழு ஒன்று, அந்தச் செடி முழுதும் தெரிய ஒன்று – இப்படி மூன்று எடுங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றங்காலில் புழு நிஜமாகவே இருந்தால் என்ன செய்வது? முட்டை கொழுந்தில் ஒவ்வொன்றாக, கடுகு போல, இளமஞ்சளாக இருக்கும். காலையில் கன்றுகளைச் சுற்றி வந்து முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கிவிடலாம். அதிகம் இருந்தால், 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். காய்க்கிற பெரிய மரத்தில் நாலு புழு தின்பதற்காக மருந்தைத் தூக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலை பறித்ததும் நேரே குழம்புக்குப் போகிற இலை. அதில் கண்ட விஷத்தையும் அடிக்கவே கூடாது.

அண்ணாச்சி அப்புறம் கையால்தான் பொறுக்கினார், கன்று தேறிவிட்டது. பிடுங்கியதில் வேர் தங்கியிருந்த பாளை, மழைக்குப் பிறகு துளிர்த்தது. "இருந்துட்டுப் போகட்டும் சார், நம்ம எலயத் தொடலல்லா" என்றார். அவருக்கு ஆன இரண்டு நாள் கூலி, நான் உடம்பைப் பாராமல் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஆன செலவு. உங்களுக்கு அது வேண்டாம். பூச்சி எது என்று தெரிந்த பிறகே கையை நீட்டுங்கள்.