பள்ளி விட்டபின்

பள்ளி மணி அடித்தபின், பெற்றோர் வீடு திரும்பும்வரை, நகரத்துப் பிள்ளைகள் எங்கே இருப்பது?

1991-ஆம் ஆண்டுக் கோடையில், சிகாகோ நகரின் நடுவே வெற்றிடமாய்க் கிடந்த 37-ஆம் மனைத்தொகுதியில் கூடாரமிட்டு, இளைஞர்க்கு ஓவியம் முதலிய கலைகளைக் கற்பித்தனர். மேயரின் துணைவியார் மேகி டேலி முன்னின்றார். அதுவே பின்னர் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டமாய் வளர்ந்தது. பள்ளி நிருவாகம், பூங்காத் துறை, நூலகத் துறை மூன்றும் கைகோத்தன.

கற்கும் இளைஞர்க்கு ஊக்கத்தொகையும் உண்டு. கற்பதற்குப் பணமா என்று சிலர் முகம் சுளிப்பர். மாலையில் உழைத்து வீட்டுக்குப் பொருள் தரவேண்டிய பிள்ளைக்கு, அத்தொகை இல்லையேல் கலையும் இல்லை.

நம் மண்டபமும் மாலைதோறும் பூட்டியே கிடக்கிறது. சாவி எவரிடம் இருப்பது, மின்கட்டணம் எவர் செலுத்துவது என்பதை இன்றே பேசி முடிப்போம்.