பட்டம் வாங்கிய மறுநாள்



அமெரிக்கக் கறுப்பின மருத்துவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் பட்டமளிப்பு நாளோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். அங்கி அணிந்த புகைப்படம், கீழே இரண்டு வரிப் பாராட்டு. லூயிஸ் ரைட்டின் கதையை அங்கே நிறுத்தினால் பாதிகூடச் சொன்னதாகாது.

ஜார்ஜியாவில் 1891இல் பிறந்த ரைட், அட்லாண்டாவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் வைத்தவரோ மாசசூசெட்ஸில் இருந்த வேறொரு கிளார்க் என்று எண்ணியிருந்தார். உண்மை தெரிந்ததும் கைவிரித்தார். ரைட் எழுந்து போகவில்லை. தேர்வு வைத்துப் பாருங்கள் என்றார். உயிர்வேதியியலில் பெரும் பெயரான ஓட்டோ ஃபோலின் கேள்வி கேட்டார். இடம் கிடைத்தது.

மகப்பேற்றுப் பயிற்சியின்போது வெள்ளைத் தாய்மாருக்கு நீ பிரசவம் பார்க்கலாகாது என்றார்கள். எல்லாரையும் போலக் கட்டணம் கட்டியவனுக்கு எல்லாருக்கும் உள்ள பயிற்சி வேண்டும் என்று வாதாடி வென்றார். இறுதியாண்டில் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற இனவெறித் திரைப்படம் பாஸ்டனுக்கு வந்தபோது வகுப்புகளை விட்டுவிட்டு மறியலுக்குப் போனார். அப்படியும் 1915இல் வகுப்பில் நான்காமவராகச் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார்! 1850இல் இதே பள்ளியில் சேர்ந்த மூன்று கறுப்பின மாணவர்கள், சக மாணவர்களின் எதிர்ப்பால் வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

இனித்தான் நம் கருத்தரங்கின் பொருள் தொடங்குகிறது. நான்காமிடம் பெற்றவரைப் பயிற்சி மருத்துவராக எடுக்க பாஸ்டனின் பெரிய மருத்துவமனைகள் முன்வரவில்லை. வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென இருந்த ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனைக்குப் போனார். தொண்டை அடைப்பானுக்கான ஷிக் சோதனையில் தோல் சிவப்பதைக் கறுப்புத் தோலில் காண முடியாது என்ற நம்பிக்கை அன்று இருந்தது. ஊசி போட்டுப் பார்க்காமலே சொல்லிவந்த கருத்தாக இருக்க வேண்டும்! பார்க்க முடியும் என்று ரைட் ஆய்வு செய்து காட்டி 1917இல் வெளியிட்டார். 1919இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் முதல் கறுப்பின மருத்துவராக நுழைந்தார்.

ரைட்டுக்காவது ஒரு மருத்துவமனை கிடைத்தது. பலருக்குப் படிக்கவே இடம் இல்லாமல் போனது. அமெரிக்க மருத்துவப் பள்ளிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, ஏழு கறுப்பின மருத்துவப் பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் போதும் என்றது. 1923க்குள் மற்றவை மூடப்பட்டன. அறிக்கையைக் கல்விச் சீர்திருத்தம் என்று மட்டும் போற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தரம் உயர்ந்தது, உண்மைதான். ஆனால் மூடிய பள்ளிகளுக்கு ஈடாக மற்ற பள்ளிகளின் கதவு திறக்கவில்லை.

எனவே கட்டுரையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பட்டதாரிப் பட்டியல்களைத் தேடியெடுத்த நீங்கள், மருத்துவமனைகளின் பயிற்சி நியமனப் பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். பட்டம் பெற்ற எத்தனை பேர் எந்த ஊரில், எந்த வார்டில் வேலை பழகினார்கள் என்று சொல்லுங்கள். முதல் அமர்வு மெஹாரியைப் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.